எட்டாவது ஷரத்தும் குடத்தில் விழுந்த பொத்தான்களும்

சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. வேலை ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, நீங்க லேபர் ஆபீஸ்லதானே இருந்தீங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். பக்கம் பக்கமாக ஆங்கிலம். நடுவில் ஒரு ஷரத்து: நிறுவனத்தோடு தகராறு வந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன், நிறுவனம் நியமிக்கும் நடுவர் சொல்வதே முடிவு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அவள் விடாமல் நச்சரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேசு என்றால் பேசிவிடுவேன், எழுதுவதுதான் கஷ்டம். அடுத்தவர் சொன்னதை எழுதியே பழகிய கை இது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றேன். தேர்வு எழுதினேன். அரசு வேலை கிடைத்தது. நாலைந்து அலுவலகங்களில் பந்து மாதிரி உருண்டு, எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் பக்கம் இருந்த தொழிலாளர் அலுவலகத்துக்கு ஸ்டெனோவாக வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலம் பற்றி இவ்வளவு போதும். மற்றதெல்லாம் விரல் வலிதான்.

அங்கே என் மேலதிகாரி சிவசங்கரன் சார். அவர் சமரச அலுவலர். ஒருவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால், அவர் எங்களிடம் மனு கொடுப்பார். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம். ஒத்துவந்தால் ஒப்பந்தம் எழுதுவோம். ஒத்துவராவிட்டால் பேச்சு முறிந்தது என்று அறிக்கை கொடுப்போம். அதை வைத்துக்கொண்டு தொழிலாளி நீதிமன்றம் போகலாம். கேட்க எளிதாக இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் எதிரெதிராக நாற்காலி போட விடமாட்டார். மேசைக்கு ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார். "எதிர்ல உக்காந்தா சண்டை போடத் தோணும், பக்கத்துல உக்காந்தா வேர்வை நாத்தமாவது பொதுவா இருக்கும்" என்பார். டீ உடனே வராது. இருவரும் ஒரு சுற்று கத்தி ஓய்ந்த பிறகுதான் சொல்லி அனுப்புவார். யாராவது பொய் சொல்கிறார் என்று தோன்றினால் மறுக்க மாட்டார், மிரட்ட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வசந்தா, சார் சொன்னதை வாசிம்மா" என்பார். நான் எழுதியதை ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. தன் பொய்யை இன்னொருத்தியின் வாயில் கேட்கும்போது மனிதர்களுக்கு உடம்பு கூசும். "அப்படி இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று தாங்களே திருத்துவார்கள். அந்த வேலைக்கு என் குரல் ரொம்பப் பொருத்தம் என்று சார் சொன்னதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு கோடையில், மதியச் சாப்பாட்டு நேரம், வாசலில் ஒரு பெண் நின்றாள். உள்ளே வரவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். வெளுத்த பருத்திப் புடவை, தோளில் துணிப் பை. என்ன வேண்டும் என்று கேட்டால், "இது கோர்ட்டுங்களா மேடம்?" என்றாள். எனக்குப் பசி. இல்லை, உள்ளே வா என்றேன். "நிச்சயமா கோர்ட் இல்லையே?" என்று மறுபடி கேட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "ஃபேன்கூட சரியாச் சுத்தல பாரும்மா, இது எப்படிக் கோர்ட்டாகும்? வா" என்றார்.

அவள் பெயர் எஸ்தர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால், ஒரு ஷெட்டில் நடந்த ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் செக்கர். தைத்த சட்டைகளைப் பார்த்து, பழுதைப் பொறுக்குகிற வேலை. ஷெட்டின் பின்பக்கம் ஒரு ஷட்டர் உண்டு. துணி வெளியே போய்விடுமாம், எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். ஒரு நாள் உள்ளே அனல். செல்வி என்ற சின்னப் பெண் மெஷினிலேயே மயங்கிச் சரிந்தாள். சூப்பர்வைசர் மணி சாப்பிடப் போயிருந்தான். எஸ்தர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்தாள். காற்று வந்தது, பெண்ணும் எழுந்தாள். மறுநாள் சட்டைகள் குறைகின்றன என்றார்கள். அடுத்த நாள் எஸ்தருக்கு வேலை இல்லை. நீக்கல் உத்தரவில் 'திருட்டு' என்றே போட்டிருந்தது.

சார் எல்லாம் கேட்டார். மேனேஜருக்கு நோட்டீஸ் அனுப்பலாம், பேச்சு முறிந்தாலும் கவலை வேண்டாம், தொழிலாளர் நீதிமன்றத்தில் இது நிற்காது என்றார். எஸ்தர் பையிலிருந்து வேலை ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். எட்டாவது ஷரத்து. எந்த நீதிமன்றத்துக்கும் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். கம்பெனி நியமிக்கும் நடுவர் இரு தரப்பையும் கேட்டுச் சொல்லும் முடிவுக்கு இரு தரப்பும் கட்டுப்படுவோம்.

"அதனால கோர்ட்டுக்கு நான் வர முடியாது சார்" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ஸ்டெனோ வாய் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் மறந்து, தொழிலாளர் சட்டம் கொடுத்த உரிமையை இப்படி எழுதி வாங்க முடியாது, அந்த ஷரத்து செல்லாது, பஜ்ஜி மடிக்கக்கூட லாயக்கில்லாத காகிதம் என்று பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"செல்லுமா செல்லாதான்னு பாத்து நான் கையெழுத்துப் போடலக்கா. ஒத்துக்கறேன்னு போட்டேன். எங்க வீட்ல சொன்னா சொன்னதுதான். இப்ப எனக்கு வேண்டாதப்ப செல்லாதுன்னு சொன்னா, திருடின்னு சொல்றவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பிழைக்கத் தெரியாதவள் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அன்றைக்கு யாரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு யோசனை ஓடினாலும் துடைப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு கேட்டார், "சரிம்மா, நீ வாக்கைக் காப்பாத்தறே. அவங்க காப்பாத்தினாங்களா? நடுவர் யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாரா?"

அவள் விழித்தாள். யாரும் கேட்கவில்லை.

"அப்ப அதைக் கேளு. எட்டாவது ஷரத்துப்படி என்னை விசாரிங்கன்னு கேளு."

மேனேஜர் ரகுநாதன் பேச்சுக்கு வந்தார். கையில் ப்ரீஃப்கேஸ், வாயில் ஆங்கிலம். பக்கத்து நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. கோர்ட் கோர்ட் என்று மிரட்டுவாள் என்று தயாராக வந்திருந்தார். அவளோ, "எனக்குக் கோர்ட் வேண்டாம் சார். ஷரத்துல சொன்ன நடுவரை நியமிங்க. அவர் திருடின்னு சொன்னா ஒத்துக்கறேன்" என்றாள். மனிதர் சட்டென்று எங்களைப் பார்த்தார், ஏதோ பொறி இருக்கிறதோ என்று. அந்த ஷரத்தைப் பயமுறுத்தத்தான் எழுதி வைத்திருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஒருத்தி வந்து நிற்பாள் என்று சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

இரு தரப்பும் மனமொத்து ஒருவரை நடுவராக ஏற்கச் சட்டத்திலேயே இடம் உண்டு, அதற்குப் புதிதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று சார் சொன்னார். யார் நடுவர் என்று கேட்டதும் ரகுநாதன் முகம் மலர்ந்தது. ஏகாம்பரம் என்றார். ஷெட்டின் சொந்தக்காரர். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம், பிறகு நிலத்தில் ஷெட் கட்டி வாடகைக்கு விட்டது. பக்கத்தில் இன்னொரு ஷெட்டும் கட்டி, அதையும் இதே கம்பெனிக்கு விடக் காத்திருந்தார். நம் கைக்குள் இருக்கிற ஆள் என்று மேனேஜர் கணக்குப் போட்டது எனக்கே தெரிந்தது. எஸ்தரைக் காலால் இடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். சார் என்னிடம், "சனிக்கிழமை நீ போய் உக்காந்து நடக்கறதை எழுதும்மா. வாயை மட்டும் திறக்காதே" என்றார்.

சனிக்கிழமை காலை சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி கம்பெனிக்கு நடந்து போனேன். ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே நடுவருக்கு நாற்காலி போட்டு, சோடா வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வயது அறுபது இருக்கும். அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இங்க எப்படிப் பொம்பளைங்க எல்லாம் குந்துவாங்க?" என்றார்.

பெண்கள் எதற்கு, நீங்கள் மட்டும் கேட்டால் போதும் என்றார் மேனேஜர்.

"ஒருத்தனே தனியா குந்திகினு சொன்னா அதுக்குப் பேரு தீர்ப்பு இல்ல சார். எங்க ஊர்ல பத்து பேரைக் கேக்காம எவனும் வாயத் தொறக்க மாட்டான். மிஷினை நிறுத்தச் சொல்லு."

மெஷின்கள் நின்றன. அவர் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். எஸ்தர் ஒரு ஓரமாக. முதலில் மணியைக் கேட்டார். சாவி எங்கே இருந்தது? ஆணியில். ஷட்டரை மறுபடி பூட்டியது யார்? நான்தான். பூட்டும்போது துணியை எண்ணினாயா? இல்லை, மறுநாள் காலையில். "அப்ப ராவெல்லாம் சாவி யார்கிட்ட இருந்துது?" நான் 'பதில் இல்லை' என்று எழுதினேன்.

பிறகு பெண்களைப் பார்த்துக் கேட்டார், அன்றைக்கு இருந்தவர்கள் நீங்கள்தான், இந்தப் பெண் எடுத்தாளா? யாரும் பேசவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? அவர்கள் எல்லாரும் அதே எட்டாவது ஷரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். எஸ்தர் தலையைத் தூக்கி ஒருத்தியையும் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஏகாம்பரம் தாடையைச் சொறிந்தார். வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் கொண்டுவரச் சொன்னார். அதை ஒரு மூலையில் வைத்து, முன்னால் துணியைத் தொங்கவிட்டார். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான் கொடுக்கச் சொன்னார். "எடுக்கலன்னா வெள்ள. எடுத்தான்னா கறுப்பு. ஒண்ணைக் குடத்துல போட்டுட்டு, மீதிய முந்தானையில முடிஞ்சுக்கோ. யாருக்கும் காட்டாத. யாரு இன்னா போட்டாங்கன்னு சாமிக்குத்தான் தெரியும்."

மணி உடனே, "செல்வி, நீ போ மொதல்ல" என்றான். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். மயங்கி விழுந்த அந்தப் பெண் துணிக்குப் பின்னால் போனாள். 'டொங்' என்று ஒரு சத்தம். வந்து நின்றாள். அடுத்தவள் போனாள். 'டிங்'.

அப்போதுதான் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வெள்ளை, சட்டைப் பொத்தான், மெல்லியது. கறுப்பு, கோட்டுப் பொத்தான், கனமானது. ஏகாம்பரத்துக்குத் தெரியாது, பாவம், அவர் நெல் விளைத்தவர். நாள் முழுக்கப் பொத்தானோடு பிழைக்கும் பெண்களுக்குத் தெரியாதா? மணியும் தையல்காரன்தான், அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏகாம்பரத்துக்கும் புரிந்துவிட்டது. "அடடா, தப்புப் பண்ட்டேனே" என்று எழுந்தார். நிறுத்திவிடலாம், வேறு வழி பார்க்கலாம் என்றார்.

வரிசையில் அடுத்து நின்றவள் கன்னியம்மா. காஜா போடுகிறவள், நாலு பிள்ளைக்காரி, வாய் பேசாத ஜென்மம் என்று எஸ்தரே பிறகு சொன்னாள். அவள் நகரவில்லை.

"இன்னாத்துக்கு நிறுத்தறது? கேக்கட்டும்" என்றாள்.

தொங்கிய துணியை ஒரு கையால் ஒதுக்கினாள். எல்லாரும் பார்க்க, கையை உயர்த்திப் போட்டாள். டிங்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தச் சுருக்கெழுத்தில் எழுதுவது? ஒருத்தி பின் ஒருத்தியாகப் போனார்கள். டிங், டிங், டிங். நடுவில் ஒன்றிரண்டு டொங் விழுந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை போகும் என்று தெரிந்து, மேனேஜர் கேட்கக் கேட்க, அத்தனை பேர் சத்தம் வரும் என்று தெரிந்தே போட்டார்களே! என் கண்ணில் தண்ணீர் வந்து, நோட்டில் எழுத்து கலங்கிவிட்டது. எஸ்தர் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் குடத்தைக் கவிழ்த்தார். தரையெல்லாம் வெள்ளை. "இந்தப் பொண்ணு திருடல. கதவத் தொறந்ததும் சரிதான். திங்கக்கிழமைலருந்து வேலைக்கு வரட்டும். எழுதிக்கோ மேடம்" என்றார். கிளம்பும்போது ஷட்டரைப் பார்த்து நின்றார். "இது என் எடம். இனிமே ஆளுங்க உள்ள இருக்கச்சொல்ல இதைப் பூட்டினா, ஷெட்டைக் காலி பண்ட்டு போயிடு சார்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, ரகுநாதனுக்கு அன்றைக்கு அதுதான். திங்கட்கிழமை வக்கீலோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எஸ்தரையும் சார் வரச் சொல்லியிருந்தார். பொத்தான் போட்டுத் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம், இந்தத் தீர்ப்பை ஏற்கமாட்டோம், கோர்ட்டுக்குப் போவோம் என்றார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "வசந்தா, எட்டாவது ஷரத்தை வாசிம்மா" என்றார். வாசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு தட்டையாக நான் எதையும் வாசித்ததில்லை. எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல், நடுவர் சொல்வதற்கு இரு தரப்பும் கட்டுப்படுவோம்.

வக்கீல், சட்டப்படி அது வேறு, இது வேறு என்று ஏதோ ஆரம்பித்தார். எஸ்தர் பக்கத்து நாற்காலியிலிருந்து ரகுநாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம் சார். எல்லாரும் போன்னுதான் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டோமேன்னு போகல. நீங்களும் போட்டிருக்கீங்க."

டீ வந்தது. ரகுநாதன் குடித்தார். வக்கீலை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, உத்தரவை ரத்து செய்வதாக எழுதிக் கொடுத்தார். 'திருட்டு' என்ற சொல்லை நீக்கியதாகத் தனியாக எழுத வேண்டும் என்று எஸ்தர் கேட்டாள். அதையும் எழுதினார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்கு அவர் மானஸ்தராக நடந்துகொண்டார். அவர்கள் போனபின் சார் சொன்னார், "நம்ம நாட்டுல சாதாரண ஜனங்க உக்காந்து தீர்ப்புச் சொல்ற ஜூரியை எடுத்துட்டாங்க வசந்தா. ஏகாம்பரம் ஒரு குடத்தை வச்சுக் கொண்டாந்துட்டார்."

இங்கேயே முடிந்திருக்க வேண்டும். சில மாதம் கழித்து, ஒரு மாலை, ஐந்தாறு பெண்கள் படியேறி வந்தார்கள். முன்னால் எஸ்தர், பின்னால் கன்னியம்மா. புகார் கொடுக்க வேண்டுமாம். கம்பெனி எல்லாரிடமும் புது ஒப்பந்தம் எழுதி வாங்குகிறது. அதில் எட்டாவது ஷரத்தை எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வேண்டும். எந்த ஷரத்தை ஒழிக்க வேண்டும் என்று சார் இத்தனை வருடம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாரோ, அதே ஷரத்து! அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகும் உரிமை அதைவிடப் பெரிது, அதை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று விளக்கினார். கன்னியம்மாவுக்குத் திருப்தி இல்லை. கோர்ட்டில் குடம் இருக்குமா என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற செல்வி. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொத்தான். இத்தனை மாதமும் முடிந்தே வைத்திருந்திருக்கிறாள். எஸ்தரிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் தேம்பினாள்.

அவள் கறுப்புப் பொத்தான் போட்டது யாருக்குத் தெரியாது? அந்தச் சத்தத்தை எஸ்தரும்தான் கேட்டாள். எஸ்தர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து இருவரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று கன்னியம்மா பிறகு சொன்னாள். எஸ்தர் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

என் மேசைமேல் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எஸ்தர் அதை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள்.

"அழாதடி. இப்பப் போடு" என்றாள்.

செல்வி போட்டாள். டிங் என்றது.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வசந்தா, எழுதிக்கோம்மா" என்றார். எழுதிக்கொண்டேன்.